மோட்டார் வண்டியின் இறப்பர் மூட்டுகள்

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போர் வாயில் அடிக்கடி வரும் சொல் ஒன்று உண்டு. "வண்டிக்கு வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் ஓடும்" என்பதே அச்சொல். நேரான வீதியிலும் வண்டி வலமும் இடமுமாக அலைகிறது. பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கத்திலிருந்து 'டொக்' என்றொரு ஒலி எழுகிறது. பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. புதிதாக வாங்கிப் பூட்டிய டயர் சில மாதங்களில் ஒரு விளிம்பில் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாகிவிடுகிறது. இவற்றையெல்லாம் முதுமையின் இயல்பென்று எண்ணி உரிமையாளர் பொறுத்துக்கொள்கிறார். சாரதியும் நாளடைவில் அவ்வண்டியின் கோணலுக்கு ஏற்பத் தம் கைகளைப் பழக்கிக்கொள்கிறார். வண்டியில் பழுது இருக்கிறது என்ற எண்ணமே பின்னர் அவருக்கு வருவதில்லை.

இத்தீர்ப்புப் பெரும்பாலும் பிழையானது. உருக்கினாற் செய்த அச்சுகளும் கைகளும் ஐம்பது அறுபது ஆண்டுகளில் எளிதில் தளர்ந்துவிடுவதில்லை. தளர்வது அவற்றின் மூட்டுகளில் இருக்கும் இறப்பரே. கராச்சுகளில் 'புஷ்' என்று வழங்கும் இத்துண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவினது. விலையோ ஒரு டயரின் விலையோடு ஒப்பிடத் தகாதது. ஆயினும் ஓடும் சில்லு எத்திசையை நோக்கி நிற்க வேண்டும் என்பதை இத்துண்டுகளே தீர்மானிக்கின்றன. அறுபது மைல் வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது முன் சில்லைப் பின்னோக்கித் தள்ளும் விசை முழுவதையும் தாங்கி நிற்பதும் இவைதாம். ஆதலின், ஓரளவு பழகிய வண்டி வைத்திருக்கும் எவரும் இதைப்பற்றி அறிந்துகொள்வது வீண்போகாது.

வில்லுவண்டியில் ஏறிச் சென்றோர் இன்றும் சிலர் இருப்பர். சாதாரண மாட்டுவண்டியில் அச்சின் மேல் நேரே சட்டம் அமர்ந்திருக்கும். கல்லில் ஏறினால் அந்த அதிர்ச்சி இருப்பவரின் முதுகெலும்பில் தெரியும். வில்லுவண்டியிலோ அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே வளைந்த உருக்குத் தகடுகள் இருந்தன. சில்லு மேலே எழும்பினாலும் இருக்கை அவ்வளவு எழும்பாது. மோட்டார் வண்டியின் அமைப்பும் அடிப்படையில் இதுவே. சில்லு மேலும் கீழும் அசைய வேண்டும். ஆனால் முன்னும் பின்னும், உள்ளும் புறமும் அசையலாகாது. இந்த நிபந்தனையை நிறைவேற்றவே சில்லுக்கும் சேசிஸுக்கும் இடையே பல கைகள் பூட்டப்படுகின்றன. ஒவ்வொரு கையும் கதவின் பிணைச்சல் போல ஒரு முனையில் சுழல வேண்டும். அச்சுழற்சி நடைபெறும் இடமே புஷ்.

மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் இவ்விடங்களில் பித்தளையும் வெண்கலமும் இருந்தன. உலோகத்தின் மேல் உலோகம் உராய்வதால் அடிக்கடி கிறீஸ் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றத் தவறினால் தேய்ந்தது. ஏற்றினாலும் வீதிப் புழுதி கிறீஸோடு கலந்து அரத்தூள் போல வேலை செய்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், உலோகக் குழாய் ஒன்றை மற்றொரு குழாயினுள் வைத்து, இரண்டுக்கும் நடுவே இறப்பரை இறுக்கிப் பொருத்தும் முறை பரவியது. உட்குழாய் சேசிஸோடு இறுகி நிற்கும்; வெளிக்குழாய் கையோடு இறுகி நிற்கும். கை மேலும் கீழும் அசையும்போது உட்குழாயும் அசையாது, வெளிக்குழாயும் தன் இடத்தில் வழுக்காது. நடுவிலுள்ள இறப்பர் மட்டும் முறுகி, மீண்டும் நிமிர்ந்துகொள்ளும்.

இங்கேதான் இதன் நுட்பம் இருக்கிறது. நல்ல புஷ்ஷில் எதுவும் எதன் மேலும் உராய்வதில்லை. உராய்வு இல்லாததால் தேய்வும் இல்லை, கிறீஸும் வேண்டியதில்லை. மனித உடலின் மூட்டில் எலும்பும் எலும்பும் உரசாதபடி குருத்தெலும்பு இருப்பதை இதற்கு ஒப்பாகச் சொல்வதுண்டு. அவ்வொப்பு பாதி வரையே பொருந்தும். குருத்தெலும்பின் மேல் மூட்டு வழுக்கிச் செல்கிறது. புஷ்ஷிலோ இறப்பர் முறுகுகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளாததாலேயே புதிய புஷ்கள் பூட்டிய சில மாதங்களில் கிழிந்துபோகின்றன. அதனைப் பின்னர் விரிவாகக் காணலாம்.

இறப்பரின் மற்றொரு குணமும் இங்கே துணை செய்கிறது. இறப்பர் எளிதில் உருமாறும். ஆனால் அதன் கன அளவு குறைவதில்லை. இரண்டு குழாய்களுக்கிடையே மெல்லிய படலமாக அடைபட்டிருக்கும்போது, பக்கவாட்டில் அழுத்தினால் அது ஒதுங்கிச் செல்ல இடமில்லை. ஆகவே கல்லைப் போல எதிர்த்து நிற்கும். சுற்றுவாட்டில் திருகினாலோ மென்மையாக இணங்கும். ஒரே பொருள் ஒரு திசையில் உறுதியாகவும் மறு திசையில் நெகிழ்வாகவும் நடந்துகொள்கிறது. போதாக்குறைக்கு, வீதியிலிருந்து வரும் சிறு நடுக்கத்தையும் இரைச்சலையும் உள்ளே விடாமல் தானே உண்டுவிடுகிறது.

இந்த இறப்பருக்கும் இந்நாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. பச்சை இறப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது நிலைபெறும் என்பதை அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் 1839இல் கண்டார். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்றார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றுள் பெரும்பகுதி அவ்வாண்டிலேயே கப்பலேறி இலங்கைக்கு வந்து கம்பகாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடப் பூங்காவில் நடப்பட்டது. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு வித்திட்ட இடங்களுள் அது முதன்மையானது. இங்கிலாந்தில் செய்து இங்கு வந்திறங்கிய கார் ஒன்றின் மூட்டுக்குள் இந்நாட்டு மரத்தின் பாலே உறைந்திருந்திருக்கவும் கூடும்.

எந்த வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வது என்ற கேள்விக்கு இலங்கையில் விடை எளிது. மொறிஸ் மைனரை அறியாதார் இலர். அலெக் இசிகோனிஸ் வரைந்த அவ்வண்டி 1948இல் இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் தோன்றியது. 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது, வந்த வண்டியைப் பேணுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1977இன் பின்னரே அக்கட்டுப்பாடு தளர்ந்தது. 1990களில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வடக்கே செல்வது தடைப்பட்டிருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிஜும் நோயாளரை ஆசுபத்திரிக்கும் மணமக்களைக் கோவிலுக்கும் சுமந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 வரை அந்நிலை நீடித்தது. பழைய வண்டியை வைத்து ஓட்டுவது இந்நாட்டில் விநோதப் பொழுதுபோக்கு மட்டுமன்று; பல குடும்பங்களுக்கு அது தேவையாகவே இருந்துவந்திருக்கிறது.

மொறிஸ் மைனரின் முன் சில்லு ஒவ்வொன்றும் சுருள் வில்லில் நிற்பதில்லை. நீளமான ஓர் உருக்குத் தண்டின் முறுக்கில் நிற்கிறது. அத்தண்டின் முன்முனை கீழ்க்கையோடு இணைகிறது. கீழ்க்கையின் உள்முனை சேசிஸில் ஒரு கண்ணாணியைச் சுற்றிச் சுழலும். அங்கே முதலாவது இறப்பர் புஷ் உள்ளது. கீழ்க்கை முன்பின் ஓடாதபடி அதனைப் பிடித்திருக்கும் இழுதண்டின் முனையில் இரண்டாவது. மேற்கையோ தனியே செய்யப்பட்ட கை அன்று. எண்ணெய் நிறைந்த சொக் அப்சோபரின் நெம்புகோலே மேற்கையாகவும் வேலை செய்கிறது. அந்நெம்புகோலும் சில்லைத் தாங்கும் நிமிர்தண்டும் சந்திக்கும் இடத்தில் மூன்றாவது. பின்பக்கத்தில் வில்லுத்தகடுகளின் கண்களிலும், அவை தொங்கும் இணைப்புகளிலும் மேலும் பல. வண்டியைச் சுற்றி எண்ணிப் பார்ப்பவர் வியப்படைவார்.

இவற்றுள் எது கெட்டால் என்ன நேரும் என்பதைச் சிறிது நின்று காண்பது நல்லது. இழுதண்டின் புஷ் நைந்த வண்டியை எண்ணுக. சமவீதியில் ஓடும்வரை குறை தெரியாது. பிரேக்கை மிதித்ததும் சில்லு நிற்க முயல்கிறது. வண்டியோ முன்னே செல்ல முயல்கிறது. நைந்த இறப்பர் இடங்கொடுக்க, அச்சில்லு சிறிது பின்னோக்கி நகர்கிறது. நகர்ந்ததும் அதன் முகம் திரும்புகிறது. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. பிரேக்கை விட்டதும் சில்லு பழைய இடத்துக்கு வந்துவிடும். சாரதி பிரேக்கில் பழுதென்று எண்ணிப் பிரேக்கைக் கழற்றிச் சீராக்குகிறார். அது சரியாகவே இருந்தது, ஆதலால் பயனில்லை. பின்னர் சில்லின் நேர்மையை அளந்து பார்க்கக் கொடுக்கிறார். நின்ற வண்டியில் அளந்தால் அளவு சரியாகவே வரும். ஓடும் வண்டியில் அது மாறுவதை அளவுகோல் காணாது. இவ்வாறு பணம் மூன்று வழியில் செலவாகிறது. குற்றவாளி மட்டும் தன் இடத்திலேயே இருக்கிறது. மழை நாளில், எதிரே பஸ் வரும் ஒடுங்கிய வீதியில், அந்த இழுப்பு என்ன செய்யும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கண்ணும் காதும் ஒரு கடப்பாரையும் போதும். ஆனால் முதலில் ஓர் எச்சரிக்கை. ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி எவரும் வண்டியின் கீழே செல்லலாகாது. சமதரையில் நிறுத்தி, தரையைத் தொடும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வண்டியை உறுதியான தாங்கிகளின் மேல் அமர்த்திய பின்னரே குனிய வேண்டும். செங்கல்லை அடுக்குவது தாங்கியாகாது. இதைப் பலமுறை சொன்னாலும் தகும்.

ஒலியே பெரும்பாலும் முதலில் வழிகாட்டும். குன்றும் குழியுமான வீதியில் மெதுவாகச் செல்லும்போது மரத்தை மரம் தட்டுவதுபோன்ற 'டொக்' ஒலி கேட்டால், இறப்பர் அழிந்து உலோகம் உலோகத்தில் முட்டுகிறது என்று ஐயுறலாம். வண்டியை ஏறி இறங்கி அமுக்கும்போது 'கிறீச்' என்று முனகினால், இறப்பர் தன் பிடியை விட்டு வழுக்கத் தொடங்கியிருக்கிறது எனலாம். எந்தப் புஷ் முனகுகிறது என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒருவர் வண்டியை அமுக்கிக்கொண்டிருக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் சிறிது தண்ணீர் தெளிக்க வேண்டும். எந்த மூட்டு நனைந்ததும் ஒலி நிற்கிறதோ அதுவே அக்கள்வன். இந்நேரத்தில் பலரும் எண்ணெய்க் குவளையைத் தேடுவர். அது கூடாது, காரணம் பின்னே வரும்.

அடுத்தது கண். பந்தவெளிச்சத்தில் ஒவ்வொரு புஷ்ஷையும் பார்க்கும்போது மூன்று அடையாளங்களைத் தேட வேண்டும். உட்குழாய் வெளிக்குழாயின் நடுவே நிற்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறதா என்பது ஒன்று. இறப்பர் விளிம்பில் பிதுங்கியோ நொறுங்கித் துகளாகியோ இருக்கிறதா என்பது இன்னொன்று. மூன்றாவது, அருகிலுள்ள உலோகத்தில் துருவற்று மினுமினுக்கும் தடம். அது புதிதாக எதுவோ முட்டும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மேற்பரப்பில் மட்டும் மெல்லிய வெடிப்புகள் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அது வெயிலும் காற்றும் இட்ட கோடு. வெடிப்பு ஆழச் சென்று, கடப்பாரையால் மெல்ல நெம்பும்போது வாய் திறந்தால் அப்புஷ்ஷின் காலம் முடிந்தது. நெம்புவதிலும் அளவு வேண்டும். நல்ல இறப்பரும் சிறிது அசையத்தான் செய்யும். அசைந்து உடனே திரும்பினால் அது உயிரோடு இருக்கிறது. அசைந்தபடியே நின்றாலும், 'டொக்' என்று முட்டினாலும் மாற்ற வேண்டியதே.

சில்லைக் கையால் ஆட்டிப் பார்ப்பதும் பழைய வழக்கம். தூக்கிய சில்லின் உச்சியிலும் அடியிலும் இரு கைகளையும் வைத்து உள்ளும் புறமும் ஆட்டினால் தளர்வு தெரியும். ஆனால் அத்தளர்வு சில்லின் பெயரிங்கிலா, மூட்டிலா? வேறொருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்க மீண்டும் ஆட்ட வேண்டும். தளர்வு மறைந்தால் குறை பெயரிங்கில்; மறையாவிட்டால் மூட்டில். அரை நிமிடத்தில் முடியும் இச்சோதனை செய்யப்படாமல் எத்தனையோ நல்ல பெயரிங்குகள் கழற்றி எறியப்பட்டிருக்கின்றன.

மொறிஸ் மைனர் உரிமையாளர் இங்கே ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. அவ்வண்டியின் நிமிர்தண்டு மேலும் கீழும் திருகுபுரி கொண்ட உலோக மூட்டுகளில் திரும்புகிறது. அவை இறப்பர் அல்ல. அவற்றுக்குக் கிறீஸ் கட்டாயம் வேண்டும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஏற்றுவது அவ்வண்டியை நன்கறிந்தோர் வழக்கம். ஏற்றாவிட்டால் புரி தேய்ந்து, ஒருநாள் கீழ்மூட்டுக் கழன்று, முன் சில்லு வண்டியின் கீழே மடிந்துவிடும். மெதுவாகத் திரும்பும்போது நேர்ந்தால் அவமானத்தோடு போகும். வேகத்தில் நேர்ந்தால் அவ்வளவில் நிற்காது. ஆகவே ஒரே சில்லில் கிறீஸ் வேண்டும் மூட்டும், கிறீஸ் ஆகாத மூட்டும் அருகருகே இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் கருதுபவர் இரண்டையும் கெடுப்பார்.

கிறீஸும் எண்ணெயும் இறப்பருக்கு ஏன் ஆகா? மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெயை மரத்திலிருந்து வரும் இறப்பர் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சி ஊதும், ஊதியபின் மெதுவாகிக் களிபோலாகும். எண்ணெய் தடவிய அன்று முனகல் நின்றுவிடும். அதனால் மருந்து பலித்ததென்ற எண்ணம் உண்டாகிறது. பலித்தது மருந்தன்று, நஞ்சு. வண்டியைக் கழுவியபின் துருப்பிடியாமல் இருக்க அடிப்பகுதி முழுவதும் பழைய எண்ணெயைப் பீய்ச்சும் வழக்கம் இந்நாட்டில் உண்டு. தகட்டுக்கு அது நன்மையே. ஆனால் பீய்ச்சுபவர் புஷ்ஷைத் துணியால் மூடுவாரா என்பது ஐயம். எண்ணெய் ஒழுகும் பொறியும் இவ்வாறே கெடுக்கும். மொறிஸ் மைனரின் சொக் அப்சோபர் கசியத் தொடங்கினால் அந்த எண்ணெய் நெம்புகோல் வழியே இறங்கி மேல்மூட்டின் இறப்பரை நனைக்கும். அப்போது புஷ்ஷை மாத்திரம் மாற்றிக் கசிவை விட்டுவிடுவது, ஒழுகும் கூரையின் கீழே பாயை மட்டும் மாற்றுவது போன்றதாம். கடலோரத்து ஊர்களில் இன்னொரு பகையும் உண்டு. உப்புக் காற்றால் குழாய் துருப்பிடிக்க, துரு இறப்பரின் பிடிக்குள் புகுந்து அதனை உலோகத்திலிருந்து உரித்தெடுக்கிறது. வெளியே பார்க்க இறப்பர் முழுதாக இருக்கும். உள்ளே ஒட்டு இராது.

மாற்றுவது என்று முடிவானால், எதை வாங்குவது என்பது அடுத்த கேள்வி. பழைய கடையின் மூலையில் அக்காலத்துப் பெட்டியோடு கிடைக்கும் 'அசல்' புஷ்ஷைக் கண்டு மகிழ்வோர் உளர். இறப்பர் பூட்டப்பட்ட நாளிலிருந்து அன்று, செய்யப்பட்ட நாளிலிருந்தே முதுமை அடைகிறது. அலுமாரியில் நாற்பது ஆண்டு உறங்கியதை நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். வளைத்தால் வெடிப்புத் தெரிகிறதா என்று காண வேண்டும். பெட்டியின் அழகுக்காக வாங்குவதாயின் காட்சிப் பேழையில் வைக்கலாம். பழைய டயரிலிருந்து வெட்டிக் கடைந்த புஷ்களும் உண்டு. வேறெதுவும் கிடையாத காலத்தில் அவை வண்டிகளை ஓடவைத்தன. அக்கைவினைஞரின் திறமையைக் குறை சொல்வது நன்றியன்று. எனினும் டயரினுள் நூலும் படலமுமாக அடுக்குகள் இருக்கின்றன. வெட்டியபின் அவை ஒவ்வொன்றாகப் பிரியும். இன்று நல்ல புஷ் கிடைக்கையில் அதனை நாட வேண்டியதில்லை.

பொலியூரெத்தேன் என்னும் செயற்கைப் பொருளாலான புஷ்களும் இப்போது வருகின்றன. நிறம் சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கும். எண்ணெயால் கெடா, நெடுநாள் உழைக்கும். ஆனால் அவை இறப்பரைவிடக் கடினமானவை. பலவும் முறுகுவதில்லை, குழாயின் மேல் வழுக்கியே சுழல்கின்றன. ஆதலின் அவற்றோடு தரப்படும் தனிக் கிறீஸைத் தடவியே பூட்ட வேண்டும். வீதியின் நடுக்கமும் ஓரளவு மேலே வரும். பந்தய வேகத்தில் ஓட்டுவோர் அவற்றை விரும்புவர். குடும்பத்தோடு கோவிலுக்கும் சந்தைக்கும் செல்லும் காருக்கு இறப்பரே ஏற்றது. இழுதண்டு போன்ற ஓரிடத்தில் மட்டும் மற்றையதைப் போடுவதில் தவறில்லை. இரண்டு பக்கத்திலும் ஒரே வகையைப் போட வேண்டும் என்பது மட்டும் விதி.

கழற்றும் வேலையைப் பழக்கமில்லாதவர் தனியே தொடங்கலாகாது. மொறிஸ் மைனரின் முறுக்குத்தண்டு வண்டியின் பாரத்தைத் தாங்கிப் பெரும் விசையை அடக்கி வைத்திருக்கிறது. கீழ்க்கையின் அடியில் ஜாக்கி கொடுத்து, அவ்விசையைச் சிறிது சிறிதாகத் தணித்த பின்னரே ஆணிகளை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் கை பாய்ந்து வந்து அடிக்கும். குழாயில் இறுகிய பழைய இறப்பரை நெருப்பிட்டு எரிப்பதும் ஒரு வழக்கம். அப்புகை நெஞ்சுக்குக் கேடு. வாளால் குழாயை நீளவாட்டில் அறுத்தால் அது தானே தளரும். புதியதை ஏற்றும்போது சவர்க்காரத் தண்ணீர் தடவினால் எளிதில் வழுக்கிச் செல்லும். காய்ந்தபின் பிடியும் குறையாது. சம்மட்டியால் அடிப்பதை விட, குறட்டில் வைத்துத் திருகி அழுத்துவது நன்று. ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றுவது சிக்கனமே. இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை.

இனி, முன்னர் விரிவாகக் காணலாம் என்று விட்ட செய்தி. புஷ் முறுகியே வேலை செய்கிறது. ஆகவே அதனைப் பிடித்திருக்கும் நட்டை எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுவே அதன் ஓய்வு நிலை. வண்டி உயரத்தில் தூக்கப்பட்டிருக்கும்போது சில்லுகள் கீழே தொங்குகின்றன; கைகளும் கீழ்நோக்கிச் சரிந்திருக்கின்றன. வேலை முடிந்த மகிழ்ச்சியில் அந்நிலையிலேயே எல்லாவற்றையும் முழுவதும் இறுக்கிவிட்டால், தொங்கும் நிலையே இறப்பருக்கு ஓய்வாகிவிடுகிறது. பின்னர் வண்டியை இறக்கியதும் கைகள் மேலே எழ, இறப்பர் ஒவ்வொன்றும் முறுகிக்கொள்கிறது. வண்டி நிற்கும்போதும் முறுகியே இருக்கிறது. இரவில் கொட்டகைக்குள் உறங்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. அதன் மேல் ஒவ்வொரு பள்ளமும் மேலும் முறுக்குகிறது. சில பாகைகள் தாங்கவென்று செய்யப்பட்ட இறப்பர் எவ்வளவு நாள் தாங்கும்? முதல் வாரம் வண்டி சிறிது உயர்ந்து நிற்கும். உரிமையாளர் அதனைப் புதுமையின் மிடுக்கென்று எண்ணுவார். முறுகிய இறப்பர் தானும் ஒரு வில்லாகி வண்டியைத் தூக்கி நிற்பதே அதன் காரணம். சில மாதங்களில் ஒட்டு விட்டுப்போகும், வண்டி தாழும், பழைய ஒலி திரும்பி வரும். அப்போது பழி புஷ் செய்தவன் மேல் விழுகிறது.

சரியான முறை இதுதான். தூக்கிய நிலையில் நட்டுகளைக் கையால் மட்டும் பூட்டி விட வேண்டும். பின்னர் வண்டியைச் சில்லுகளின் மேல் இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி, நான்கு மூலைகளையும் நன்கு அமுக்கி விட்டு, அது தன் இயல்பான உயரத்தில் அமர்ந்த பின்னரே நட்டுகளை உரிய அளவுக்கு இறுக்க வேண்டும். குழியுள்ள கராச்சில் இது எளிது. குழி இல்லாத இடத்தில், சில்லுகளின் கீழே உறுதியான மேடைகளை வைத்து வண்டியை அவற்றின் மேல் ஏற்றிச் செய்யலாம். கால்மணி நேரம் கூடுதலாகச் செல்லும். கராச்சில் வேலைக்குக் கொடுப்பவர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே போதும்: "நட்டை வண்டியை இறக்கிய பிறகா இறுக்குவீர்கள்?" அதற்கு வரும் விடையிலிருந்து அவ்விடத்தின் தரத்தை அறிந்துகொள்ளலாம்.

எல்லாம் பூட்டியபின் முன் சில்லுகளின் நேர்மையை அளந்து திருத்த வேண்டும். மூட்டுகள் தம் இடத்துக்கு வந்ததும் முந்தைய அளவு மாறியிருக்கும். பிறகு, தெரிந்த வீதி ஒன்றில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். ஆள் நடமாட்டமில்லாத நேரான இடத்தில் ஸ்ரியரிங்கை இலேசாகப் பிடித்தபடி பிரேக்கை மெல்ல அழுத்தினால் வண்டி நேராக நிற்க வேண்டும். கோணலுக்குப் பழகிய சாரதியின் கைகள் முதல் இரண்டொரு நாள் வழக்கம்போல ஒரு பக்கம் இழுக்கப் பார்க்கும். அது தானே மறையும். நூறு மைல் ஓடியபின் வண்டி சில்லுகளின் மேல் நிற்கையிலேயே நட்டுகளை மறுபடியும் ஒருமுறை சோதித்து, தளர்ந்தவற்றை இறுக்கிவிட வேண்டும்.